கல்யாணம் நிச்சயமான பிறகு இந்த ஊசியைப் போட்டால் போதாதா?

41 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு இரண்டு மகள்கள், ஒரு மகன். பெரியவளுக்கு 17 வயது, அடுத்தவளுக்கு 12, மகனுக்கு 9. இரண்டாவது மகளின் பள்ளியிலிருந்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசிக்கு ஒப்புதல் படிவம் வந்திருக்கிறது. மூன்று வாரமாகியும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. "இன்னும் பெரியவளாகாத குழந்தைக்கு இந்த ஊசி எதற்கு? இதைப் போட்டால் நாமே எதற்கோ அனுமதி கொடுத்த மாதிரி ஆகாதா?" என்கிறார் மாமியார். இந்த ஊசி போட்டால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவை அனுப்பியிருக்கிறார் நாத்தனார். "நீயே பார்த்து முடிவு பண்ணு" என்று ஒதுங்கிக்கொண்டார் கணவர். பெரிய மகளோ, தோழிகள் எல்லாரும் போட்டுக்கொண்டார்கள், எனக்கும் வேண்டும் என்று கேட்கிறாள். அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்கில்லை, தைராய்டு மாத்திரையும் எடுத்துவருகிறாள்.

கடிதத்தின் கனமான பகுதி இதற்குப் பிறகு வருகிறது. வாசகியின் அக்கா 46 வயதில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தவர். உறவினர்களிடம் இன்றுவரை "வயிற்றில் கட்டி" என்றுதான் சொல்லிவைத்திருக்கிறார்கள். "உடலுறவுக்குப் பிறகு ரத்தம் படுகிறது என்று என்னிடம்கூடச் சொல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் மறைத்தாள். இது எங்கள் பரம்பரையில் இருக்கிற நோய், ஊசி போட்டாலும் வரத்தான் செய்யும் என்று ஒரு மனம் சொல்கிறது. இன்னொரு மனம், கல்யாணம் நிச்சயமானதும் போட்டுக்கொள்ளலாமே, இப்போது என்ன அவசரம் என்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் அக்காவைப் பற்றிப் பேசுகிறேன். ஊசியைப் பற்றி உங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு முழுவதும் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரம்பரை நோய் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. மார்பகப் புற்றுநோயில் சில குடும்பங்களில் மரபணு வழியாக ஆபத்து கடத்தப்படுவதைக் கேள்விப்பட்டு, அதையே இதற்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். இந்த நோய்க்குக் காரணம் வேறு. ஏறக்குறைய எல்லாக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் அடிப்படை, ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்கிற ஹெச்.பி.வி. கிருமி நீண்டகாலம் அங்கேயே தங்கிவிடுவதுதான். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெரால்ட் சூர் ஹவுசன் இந்தப் புற்றுநோய்த் திசுக்களில் 16, 18 என்ற இரண்டு வகை வைரஸ்களை 1983, 1984 ஆண்டுகளில் கண்டுபிடித்தார். அதற்காக 2008இல் நோபல் பரிசு பெற்றார். உலகில் இந்த நோய் வரும் பெண்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு இந்த இரண்டு வகைகள்தான் காரணம்.

காரணம் ஒரு கிருமி என்பதால்தான் தடுப்பூசி சாத்தியமாயிற்று. "பரம்பரையில் இருக்கிறது, ஊசி போட்டும் பயனில்லை" என்று ஒரு மனம் சொல்வதாக எழுதினீர்களே, அந்த மனதுக்கு என் பதில் இது. புற்றுநோய்களில் ஊசி போட்டுத் தடுக்கக்கூடியவை மிகச் சில. உங்கள் அக்காவுக்கு வந்தது அவற்றில் ஒன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அக்காவின் நோயை "வயிற்றில் கட்டி" என்று மாற்றிச் சொன்னதற்குக் காரணம், இந்தக் கிருமி உடலுறவால் பரவுவது என்று யாரோ சொன்னதாகத்தான் இருக்கும். ஹெச்.பி.வி. மிகமிகச் சாதாரணமான கிருமி. உடலுறவு வாழ்க்கைக்குள் நுழைகிற ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது தொற்றிவிடுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே அதைத் துடைத்துவிடுகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மிச்சமிருக்கும் சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்களுக்கும் இந்தப் புற்றுநோய் வருவதை அன்றாடம் பார்க்கிறோம். ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றி இந்த நோய் எதையும் சொல்வதில்லை. உங்கள் அக்கா ரத்தப்போக்கை மறைத்த அந்த ஒரு வருடத்தில்தான் சிகிச்சைக்கான வாய்ப்பு குறைந்திருக்கும். அதற்கும் இந்த வெட்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் மாமியார் "எதற்கோ அனுமதி கொடுத்த மாதிரி ஆகாதா" என்று கவலைப்படும்போது பேசுவதும் அதே வெட்கம்தான்.

எதற்கு 12 வயதிலேயே?

கல்யாணம் நிச்சயமானதும் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மருத்துவப்படி அதில் இரண்டு கோளாறுகள் உள்ளன.

இந்த ஊசி கிருமி உள்ளே வருவதைத் தடுக்கும். வந்து தங்கிவிட்டதை விரட்டாது. ஆகவே கிருமியைச் சந்திக்க வாய்ப்பே இல்லாத வயதில் போடுவதுதான் முறை. இது ஒன்று. அடுத்தது அதிகம் பேசப்படாத விஷயம்: 9 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளின் உடல், வளர்ந்த பெண்களைவிட அதிக அளவில் எதிர்ப்பு சக்தியை உருவாக்குகிறது. அதனால்தான் சின்ன வயதில் குறைந்த டோஸ் போதுமானதாக இருக்கிறது. இதற்கும் அவள் பெரியவளாகியிருப்பதற்கும் ஆகாமல் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஊசி எந்த ஹார்மோனையும் தொடுவதில்லை.

தள்ளிப்போடுவதால் என்ன ஆகிறது என்பதை இங்கிலாந்தின் அனுபவம் தெளிவாகக் காட்டியிருக்கிறது. அங்கே 2008 முதல் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போடுகிறார்கள். தொடக்கத்தில் வெவ்வேறு வயதினருக்கும் வாய்ப்பு கொடுத்ததால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. 2021இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன. 12, 13 வயதில் ஊசிக்கான வாய்ப்புக் கிடைத்த தலைமுறையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்தது. 14 முதல் 16 வயதில் கிடைத்தவர்களிடம் 62 சதவீதம். 16 முதல் 18 வயதில் கிடைத்தவர்களிடம் 34 சதவீதம் மட்டுமே. ஊசி ஒன்றுதான், வாய்ப்புக் கிடைத்த வயது வேறு. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் ஒன்றுகூடக் காணப்படவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள்.

"இப்போது என்ன அவசரம்" என்று நீங்கள் எழுதியதற்கு என் பதில் இந்த எண்கள்தான். முடிவெடுக்காமல் படிவத்தை மேசைமேல் வைத்திருப்பதும் ஒரு முடிவுதான். ஆண்டுக்கணக்கில் நீண்டால் அதற்கான விலையை உங்கள் மகள் கொடுப்பாள்.

"அனுமதி கொடுத்த மாதிரி ஆகாதா?"

மாமியாரின் இந்தக் கேள்வியை நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. பேத்தியின் மீதுள்ள அக்கறையில்தான் கேட்கிறார். அவரிடம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். பல நாடுகளில் குழந்தை பிறந்தவுடனேயே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுகிறார்கள். அதுவும் உடலுறவு வழியாகப் பரவக்கூடிய கிருமிதான், அதுவும் பிற்காலத்தில் கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதுதான். பிறந்த குழந்தைக்கு அதைப் போடும்போது குழந்தையின் நடத்தையைப் பற்றி யாராவது யோசித்தார்களா? அங்கே எழாத சந்தேகம் இங்கே மட்டும் ஏன் எழுகிறது?

ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் சீக்கிரமே பாலுறவில் ஈடுபடுகிறார்களா என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், 12 வயதுப் பிள்ளைக்கு இது கையில் குத்துகிற இன்னொரு ஊசி, அவ்வளவுதான். மகளிடம் சொல்வதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. "உனக்கு நாளைக்கு ஒரு புற்றுநோய் வராமல் இருக்க இந்த ஊசி. பெரியம்மாவுக்கு வந்ததே, அது" என்று சொன்னால் போதும். மேற்கொண்டு அவள் கேட்டால், கேட்ட அளவுக்குப் பதில் சொல்லுங்கள். பெரியம்மாவின் நோய்க்கு இருக்கிற பெயர் உங்கள் பிள்ளைகளுக்காவது தெரியட்டும்.

குழந்தை பிறக்காது என்கிற குரல்பதிவு

அந்தக் குரல்பதிவில் பேசுகிறவர் தன்னை மருத்துவர் என்று சொல்லிக்கொள்வதாகவும், எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பதைச் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சந்தேகம் உங்களுக்கே வந்தது நல்லது.

இந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, கொல்லப்பட்ட வைரஸும் இல்லை. வைரஸின் மேலோட்டில் இருக்கும் ஒரு புரதத்தை மட்டும் ஆய்வகத்தில் தயாரிக்கிறார்கள். அந்தப் புரதத் துண்டுகள் தாமாகவே கூடி, வைரஸைப் போலவே தோற்றமளிக்கும் உருண்டைகளாகிவிடுகின்றன. உள்ளே கடிதம் இல்லாத வெற்று உறை மாதிரி. கிருமியின் மரபணு எதுவும் அதற்குள் கிடையாது. உடல் அந்த உறையைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்கிறது, அவ்வளவே. இந்த வழியை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் இயான் ஃப்ரேசரும் ஜியான் சோவும் கண்டறிந்தார்கள். ஊசி 2006இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. முதல் சில ஆண்டுகளில் போட்டுக்கொண்ட சிறுமிகள் இன்று முப்பதை ஒட்டிய பெண்கள், பலர் தாய்மார்கள். கருவுறும் திறனை இந்த ஊசி பாதிக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்புக் குழுவின் முடிவு.

கருவுறுதலைக் கெடுப்பது எது என்று கேட்டால், அந்த நோய்தான். கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவரலாம். கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தால் சினைப்பைகள் செயலிழக்கும். புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் கண்டுபிடித்துக் கர்ப்பப்பை வாயின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்தாலும், பின்னாளில் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு கூடுகிறது. நாத்தனாரிடம் சண்டை போடாமல் இதை மட்டும் சொல்லிப்பாருங்கள்.

பயம் ஒரு நாட்டையே எப்படிப் பிடிக்கும் என்பதற்கு ஜப்பான் உதாரணம். 2013 ஏப்ரலில் இதை வழக்கமான தடுப்பூசியாகச் சேர்த்தார்கள். ஊசிக்குப் பிறகு சில பெண்களுக்கு உடல்வலி, நடுக்கம் வந்ததாகச் செய்திகள் பரவ, இரண்டே மாதத்தில் பரிந்துரையை நிறுத்திவைத்தார்கள். 70 சதவீதமாக இருந்த ஊசி போட்டுக்கொள்வோரின் விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழே போனது. நகோயா நகரில் சுமார் 30,000 இளம்பெண்களிடம் விசாரித்ததில், அந்தத் தொந்தரவுகள் ஊசி போட்டவர்களிடம் இருந்த அளவுக்கே போடாதவர்களிடமும் இருந்தன. அரசு மறுபடி பரிந்துரைக்க 2022 ஆனது. நடுவில் வயதைக் கடந்துவிட்ட பெண்களுக்காகத் தனியாகத் திட்டம் போட வேண்டியதாயிற்று.

பக்கவிளைவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கை வலிக்கும், வீங்கும், ஓரிரு நாள் காய்ச்சலோ தலைவலியோ இருக்கலாம். வளரிளம் பிள்ளைகள் எந்த ஊசிக்கும் மயக்கம் போட்டு விழுவதுண்டு. அதனால் உட்காரவைத்துப் போட்டு, 15 நிமிடம் அங்கேயே இருக்கச் சொல்கிறோம். கடுமையான ஒவ்வாமை 10 லட்சம் டோஸ்களுக்கு ஏறத்தாழ 1.7 என்ற அளவில் வருகிறது. ஊசி போடுகிற இடத்தில் அதற்கான மருந்து தயாராக இருக்கும். முந்தைய டோஸுக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் மறுபடி போடக் கூடாது. இந்த ஊசிகளில் சில ஈஸ்ட் நுண்ணுயிரிலிருந்து தயாராகின்றன. ஈஸ்ட் கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நல்ல காய்ச்சலில் இருந்தால் தள்ளிவைப்போம். கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் முடிந்த பிறகு.

பெரிய மகளுக்கு

17 வயதில் வாய்ப்பு போய்விடவில்லை. மேலே சொன்ன எண்களைப் பார்த்துவிட்டு "அவளுக்கு இனி எதற்கு" என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கணக்கு ஒரு தலைமுறை முழுவதையும் சேர்த்துப் போட்டது. அதில் ஊசி போடாதவர்களும் ஏற்கெனவே தொற்று வந்தவர்களும் இருந்தார்கள். உங்கள் மகளுக்குப் பலன் அதைவிட அதிகமாகவே இருக்கலாம்.

தைராய்டு மாத்திரை தடையில்லை, ஒழுங்கற்ற மாதவிலக்கும் தடையில்லை. மாதவிலக்கு நாளில்கூடப் போட்டுக்கொள்ளலாம். "ஊசிக்கு முன்னால் அவளுக்கு ஏதாவது பரிசோதனை செய்ய வேண்டுமா?" என்று சற்றுத் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். எந்தப் பரிசோதனையும் வேண்டாம், எந்த விசாரணையும் வேண்டாம். ஒருவேளை ஒரு வகைக் கிருமி தொற்றியிருந்தாலும், ஊசி காக்கிற மற்ற வகைகளுக்கு அது பயன்படும். அவளை ஊசிக்கு அழைத்துப் போகும் வழியில் துருவித் துருவிக் கேட்டால், நாளைக்கு உண்மையிலேயே ஒரு தொந்தரவு வரும்போது உங்களிடம் சொல்லமாட்டாள்.

அவளே கேட்கிறாள் என்பதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். சட்டப்படி யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் தன் உடல் பற்றிய நியாயமான ஒரு பாதுகாப்பைக் கேட்கிற 17 வயதுப் பெண்ணிடம் "வீட்டில் சம்மதிக்கவில்லை" என்று சொல்வது சரியில்லை.

எத்தனை டோஸ்?

9 முதல் 14 வயதுக்கு ஒன்று அல்லது இரண்டு டோஸ் என்று 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 15 முதல் 20 வயதுக்கும் அதே. 21க்கு மேல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு. கென்யாவில் இளம்பெண்களிடம் நடந்த ஆய்வில் ஒரே டோஸ் நன்றாக வேலை செய்தது உறுதியானது, அதன்பிறகே பல நாடுகள் ஒரு டோஸுக்கு மாறின. தனியாரிடம் போகும்போது 15 வயது கடந்தவர்களுக்கு மூன்று டோஸ் சொல்லக்கூடும். அது தயாரிப்பு நிறுவனங்களின் அட்டவணை, தவறில்லை. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு மட்டும் ஒரு டோஸ் போதாது. குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று.

இரண்டு வகை, நான்கு வகை, ஒன்பது வகைக் கிருமிகளுக்கு எதிரான ஊசிகள் என்று மூன்று விதம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் 16, 18 உண்டு. ஒன்பது வகை ஊசி கிடைத்தால் நல்லது. அது கிடைக்கும்வரை காத்திருப்பதைவிட, பள்ளியில் இப்போது கொடுப்பதைப் போட்டுக்கொள்வது மேல்.

நீங்கள்?

இவ்வளவு நீண்ட கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள்: "நான் இதுவரை எந்தப் பரிசோதனையும் செய்ததில்லை." எனக்கு மகள்களைவிட உங்களைப் பற்றித்தான் கவலை.

தொற்று வந்து புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடைவெளியில் கண்டுபிடித்துவிட்டால் சிறிய சிகிச்சையிலேயே நிறுத்திவிடலாம். 30 வயதிலிருந்து எல்லாப் பெண்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, உங்களுக்கு 41. கிருமியின் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை என்று கேளுங்கள். நுனியில் பஞ்சு போன்றது உள்ள ஒரு குச்சியால் மாதிரி எடுப்பார்கள். பல இடங்களில் நீங்களே தனியாக எடுத்துக் கொடுக்கலாம். முடிவு நன்றாக இருந்தால் 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை போதும். அந்த வசதி இல்லையென்றால், கர்ப்பப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர். அதை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். உடலுறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் என்று எது இருந்தாலும் சோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். ஊசி போட்ட மகள்களுக்கும் உரிய வயதில் இந்தப் பரிசோதனை உண்டு, ஏனென்றால் எல்லா வகைக் கிருமிக்கும் ஊசி இல்லை.

கணவரிடம் படிவத்தை நீட்டும்போது உங்கள் சோதனையைப் பற்றியும் சொல்லுங்கள். "நீயே பார்த்துக்கொள்" என்பது பல வீடுகளில் பெண்ணின் தலையில் பாரத்தை இறக்குகிற வழி. நாளைக்கு மாமியார் கேட்டால் பதில் சொல்லவேண்டியதும் நீங்களாகவே இருப்பீர்கள். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஒரு கையெழுத்துப் போதும் என்று படிவத்தில் இருந்தால், அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக மகனைப் பற்றி "அவனுக்கும் உண்டா?" என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்புப் புற்றுநோய்களில் சிலவற்றுக்கும் இதே கிருமி காரணம்; ஆஸ்திரேலியாவில் 2013இலிருந்தே பையன்களுக்கும் போடுகிறார்கள். ஊசி கையிருப்புக் குறைவாக உள்ள இடங்களில் பெண் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. அவனுக்கு 9 வயதுதான், ஊசி தொடங்கும் வயதே அதுதான். முதலில் அக்காமார் இருவருக்கும் முடியட்டும். உங்கள் நாட்டு அட்டவணையில் பையன்களுக்கு இடமிருக்கிறதா என்று ஊசி போடப் போகிற அன்றே விசாரித்துவிடுங்கள்.